சுதந்திரதேவி சிலைக்குத் தெருவில் டிக்கெட் விற்பவர்களிடம் உஷார்

குழந்தைகளோடு நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று சுற்றக் கிளம்புகிறவர்கள், எந்த டிக்கெட்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக ஏமாற்றினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பிள்ளைகள் ஆசையாகக் காத்திருந்தது கிடைக்காமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

முதலில் நியூயார்க். பௌலிங் கிரீன் சப்வே நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் எதிரிலேயே பேட்டரி பார்க். பூங்காவுக்குள் கால் வைப்பதற்குள் பளீரென்ற மேல்சட்டை போட்ட ஒருவர் எங்களிடம் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலையின் படம் போட்ட பெரிய லேமினேட் அட்டை. பார்த்தால் பூங்கா ஊழியர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். "சிலைக்குத்தானே? இன்றைக்கு அந்தப் படகுக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. டிக்கெட் இருந்தாலும் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் எப்படி நிற்பீர்கள்?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்வை மகனின் ஸ்ட்ரோலருக்குப் போனது, அப்புறம் அத்தை முழங்காலில் மாட்டியிருந்த பட்டைக்குப் போனது. அத்தை மதுரையிலிருந்து முதல் தடவையாக அமெரிக்கா வந்திருந்தார்.

தலைக்கு 45 டாலர், மூன்று வயது மகனுக்கும் சேர்த்து. "தீவுக்குப் போகும் அல்லவா?" என்று என் கணவர் கேட்டார். "சிலைக்குத்தான் சார் போகிறது" என்று சொல்லிக்கொண்டே கார்டு தேய்க்கும் கருவியை நீட்டினார். படகுத்துறை பக்கத்தில்தான் என்றார். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு, கிழக்கு ஆற்றை ஒட்டி அத்தை நின்று நின்று நடக்க வேண்டியதாயிற்று.

படகு சிலைக்கு எதிரில் போய் வேகத்தைக் குறைத்தது. என் மகளுக்கு ஆறு வயது. பச்சை ஃபோம் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பையை முதுகில் மாட்டி, இறங்கத் தயாராகக் கம்பியைப் பிடித்து நின்றாள். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். சில நிமிடங்களில் படகு திரும்பிவிட்டது. "அம்மா, நாம இன்னும் இறங்கலையே?" என்றாள். படகு ஊழியரிடம் கேட்டதற்கு, இது தீவில் நிற்காத படகு, டிக்கெட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறதே என்றார். போட்டிருந்ததுதான். எறும்பு சைஸ் எழுத்தில், கடைசி வரியில்.

இப்போது உண்மை நிலவரத்தைச் சொல்கிறேன். சிலை நிற்கும் லிபர்ட்டித் தீவு, அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை அங்கே இறக்கிவிட அந்தத் துறை அனுமதித்திருப்பது ஸ்டேச்சூ சிட்டி க்ரூசஸ் என்ற ஒரே ஒரு படகு நிறுவனத்தைத்தான். மற்ற படகுகள் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புபவைதான். தீவுக்குப் போகும் படகின் டிக்கெட் பெரியவர்களுக்குச் சுமார் 25 டாலர், நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் எல்லிஸ் தீவுக்கும் போகலாம். 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் குடியேறிகளாக வந்து இறங்கிய இடம் அது. இரண்டு தீவுகளிலும் இறக்காமல், மூன்று வயதுப் பிள்ளைக்கும் 45 டாலர் பிடுங்கிக்கொண்டார்கள்.

நேரில் டிக்கெட் வாங்குவதாக இருந்தால் பேட்டரி பார்க்குக்குள் இருக்கும் காஸில் கிளின்டன் என்ற வட்டமான பழைய கல்கோட்டைக்கு நேராகப் போங்கள். கவுன்ட்டர் அதற்குள்தான் இருக்கிறது. வழியில் யார் மறித்து என்ன சொன்னாலும் நிற்காதீர்கள். "டிக்கெட் தீர்ந்துவிட்டது" என்பதை அந்தக் கவுன்ட்டரில் இருப்பவர் வாயால் கேட்கும் வரை நம்பவே நம்பாதீர்கள். காரில் வருகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. நியூ ஜெர்சி பக்கம் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்தும் அதே நிறுவனத்தின் படகு கிளம்புகிறது. அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு. சிலையின் கிரீடம் வரை ஏறிப் பார்க்க வேண்டும் என்றால் குழந்தைக்குக் குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும். அதற்குத் தனியாக முன்பதிவும் வேண்டும். கிரீடத்துக்கே கூட்டிப்போகிறேன் என்று தெருவில் யாராவது சொன்னால் அது சுத்தப் பொய்.

தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்பவர்கள் ஒரு காசுகூடச் செலவழிக்க வேண்டாம். பேட்டரி பார்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒயிட்ஹால் முனையத்திலிருந்து ஸ்டேட்டன் தீவுக்கு ஆரஞ்சு நிறப் படகு போய்வருகிறது. நகர மக்களுக்காக இரவு பகலாக ஓடும் படகு. 1997இல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரு வழிக்கு 25 நிமிடம்; சிலை நன்றாகத் தெரியும். அந்த முனையத்து வாசலிலும் ஆட்கள் டிக்கெட் நீட்டுவார்கள். இலவசப் படகுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்தது பிலடெல்பியா. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதும், 1787இல் அரசியல் சட்டத்தை உட்கார்ந்து எழுதியதும் இண்டிபென்டன்ஸ் ஹாலின் ஒரே அறையில்தான். அரசியல் சட்டக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது. முதுகுப் பகுதியின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். பள்ளியில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த மகள், நாற்காலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் தேடியபோது, கழுகுச் சின்னமும் கொடியுமாக அரசுத் தளம் மாதிரியே ஒன்று மேலே வந்தது. "வரிசை இல்லாமல் குடும்ப நுழைவு" என்று தலைக்கு 39 டாலர் வாங்கினார்கள். சொன்ன நேரத்தில், சொன்ன தெருமுனையில் நின்றோம். யாரும் வரவில்லை. அவர்கள் தந்த எண்ணில் பதிவுக் குரல் மட்டும்தான். பாதுகாப்புச் சோதனை வாசலில் இருந்த பார்க் ரேஞ்சரிடம், அதாவது தேசியப் பூங்காத் துறை ஊழியரிடம், ரசீதைக் காட்டினோம். பொறுமையாக முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கள் சீட்டு இல்லை" என்றார். நல்ல மனிதர், எங்களுக்காக விசாரித்துப் பார்த்தார். அன்றைய சீட்டு எல்லாம் போயிருந்தது. மறுநாள் காலையில் எங்களுக்கு ரயில்.

அந்த மண்டபத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. மார்ச் முதல் டிசம்பர் வரை நேரம் குறித்த சீட்டு வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் ஒரு சீட்டுக்கு முன்பதிவுச் செலவு ஒரு டாலர். எதிரிலேயே இருக்கும் லிபர்ட்டி பெல் என்ற பழைய மணியைப் பார்க்கச் சீட்டே தேவையில்லை. வரிசையில் நின்று சோதனை முடித்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். கீறல் விழுந்த அந்த மணியைப் பார்த்தோம். பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் என்று குழந்தைகளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் இலவசமாகத் தந்தார்கள். அதை முடித்துக் காட்டினால் பேட்ஜ் தருகிறார்கள். தேசியப் பூங்காத் துறையின் பல இடங்களில் இது உண்டு, கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் இதற்காகவே ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பார்கள்.

வாஷிங்டனில் யாரிடமும் ஏமாறவில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம். விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு நேரச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் இலவசம்தான். வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்குப் போக இணையத்தில் ஒரு டாலர். அன்றன்றைக்கான சீட்டை 15ஆம் தெருவில் தூணுக்கு எதிரில் இருக்கும் சிறிய கட்டடத்தில் காலையில் சும்மாவே கொடுக்கிறார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதற்கும் காசு இல்லை.

நல்ல வழிகாட்டிகள் காசு வாங்குவதில் எனக்கு வருத்தமே இல்லை. கதை சொல்லிக் கூட்டிப்போகிற உழைப்புக்கு அது கூலி. அரசாங்கம் ஒரு டாலருக்குத் தருவதை 39 டாலருக்கு விற்று, அதையும் தராமல் ஓடிப்போவது கொள்ளை.

பணம் திரும்பியதா என்று கேட்பீர்கள். பிலடெல்பியா தொகை வந்துவிட்டது. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்து, ரசீது, அந்தத் தளத்தின் ஸ்கிரீன்ஷாட், நாங்கள் போன் செய்த பதிவு எல்லாவற்றையும் அனுப்பினேன். ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். நியூயார்க் பணம் வரவில்லை. டிக்கெட்டின் பின்னால் இருந்த அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள். நகரத்தின் 311 எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். தெருவில் டிக்கெட் விற்க அங்கே உரிமம் வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் விற்றவரின் அட்டையில் இருந்த எண், நின்ற இடம், நேரம் எல்லாவற்றையும் சொல்லி நீங்களும் புகார் கொடுங்கள்.