எலக்ட்ரிக் எம்ஜிபி: சில வருடம் ஓட்டிய பிறகு

பழைய வண்டியை எலக்ட்ரிக்காக மாற்றியிருக்கிறேன் என்றதும் எல்லாரும் மோட்டாரையும் பேட்டரியையும் பற்றித்தான் கேட்கிறார்கள், நான் துருவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். என்னுடையது 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. இந்த மாடலுக்குத் தனி சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே சேசி, அதனால் கதவுக்கு அடியில் ஓடும் சில் பேனல்தான் வண்டியைத் தாங்குகிறது. வெளித்தகடு புது பெயின்ட்டில் மினுமினுக்கும், உள்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொலபொலவென்று உதிரும். நிலையான மேற்கூரை இல்லாத வண்டி வேறு. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்த பிறகுதான் பழைய சில்லை வெட்டவேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து கதவு சரியாக மூடாது. இரண்டு கதவும் ஒழுங்காகச் சாத்திய பிறகுதான் நான் மோட்டாருக்கே பணம் கட்டினேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மோட்டார் ஹைப்பர் 9. பழைய 1798 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் புதிதில் 95 குதிரைத்திறன் தந்தது, இது அதற்குக் குறைவில்லை, அதிலும் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை. கியர்பாக்ஸும் கிளட்ச்சும் பழையவைதான். ஊருக்குள் மூன்றாவது கியரிலேயே கிளம்பி மூன்றாவதிலேயே நிற்கலாம், நெடுஞ்சாலையில் நான்காவது, அவ்வளவுதான். மோட்டாரைக் கியர்பாக்ஸோடு இணைக்க முதலில் வந்த அடாப்டர் கப்ளிங் மையம் விலகியிருந்தது, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் வரை அதிர்ந்தது. விற்றவர் ஒத்துக்கொண்டு மாற்றித்தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார். கப்ளிங்கைப் பூட்டும் முன்பே மைய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரிக்கு, பழைய டெஸ்லா மாடல் எஸ்ஸிலிருந்து எடுத்த 5 மாட்யூல்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோ, 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். தொடராக இணைத்தால் சுமார் 114 வோல்ட், அந்த மோட்டாருக்குப் பொருத்தமான அளவு. மூன்றை முன்னால் எஞ்சின் இருந்த இடத்திலும் இரண்டைப் பின்னால் பெட்ரோல் டேங்க் இருந்த இடத்திலும் வைத்தேன். எடையை இப்படிப் பிரித்ததுதான் இந்த வண்டியில் நான் மிகவும் சந்தோஷப்படும் விஷயம், வளைவில் திருப்பினால் இன்னும் எம்ஜிபி மாதிரியே திரும்புகிறது. எல்லாவற்றையும் பின்னால் டிக்கியில் அடைத்த வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், முன்பக்கம் தரையிலேயே பிடிக்காமல் மிதக்கிறது.

இன்னொன்று, 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. விளக்கு, ஹாரனுக்கு 12 வோல்ட் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரைப் பொருத்தும் முன் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியே ஆகவேண்டும். எஞ்சின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ரெவ் கவுன்ட்டர் இக்னிஷனை நம்பி ஓடியது, இப்போது இக்னிஷனே இல்லை, அதனால் உள்ளே வேறு சர்க்யூட் போட்டோம். பெட்ரோல் முள் சார்ஜைக் காட்டுகிறது.

கோடையில் நிதானமாக ஓட்டினால் ஒரு முழுச் சார்ஜில் 80 மைல் வரும், கூரையை இறக்கி 70 மைல் வேகத்தில் போனால் காற்று எதிர்த்து அது சட்டென்று குறைகிறது. வீட்டில் இரவோடு இரவாகச் சார்ஜ் ஏறிவிடும், வேகச் சார்ஜ் வசதி இதில் இல்லை. உறைபனி நாளில் செல்கள் சூடாகும் முன் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால் கராஜில் சின்ன ஹீட்டர் மேட் போட்டிருக்கிறேன். ரீஜென், அதாவது காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது, பின்சக்கரத்தில் மட்டும் பிடிக்கிறது, நனைந்த ரவுண்டபவுட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் பின்பக்கம் நழுவும், மழைக்காலத்தில் அதைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

எஞ்சின் சத்தம்தான் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்யவேண்டாம், அந்த பி-சீரிஸ் எஞ்சினுக்கு நல்ல குரல் உண்டு. தினமும் பக்கத்து ஊர்வரை ஓட்டுபவர் என்றால் தயங்கவேண்டாம், குளிர்காலக் காலையில் சோக் இழுக்கிற வேலையே இல்லை. நான் பாடியில் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை, மோட்டாரும் பேட்டரிப் பெட்டிகளும் பழைய போல்ட் துளைகளிலேயே நிற்கின்றன. எஞ்சினுக்கு எண்ணெய் பூசி மூடி வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவர் விரும்பினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எரிபொருள் வகை மாறியதை டிவிஎல்ஏவுக்கும் (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்) இன்ஷூரன்ஸுக்கும் உடனே தெரிவித்துவிடுங்கள்.