குரோஷூவா, ப்யூவேயா, போசெட்டா? ஷாமொனியில் கூட்டம் குறைந்த மூன்று ஸ்கீ வழிகள்

பிரெஞ்சு ஆல்ப்ஸிலுள்ள ஷாமொனிக்கு ஸ்கீயோடு போகிறவர்கள் பெரும்பாலும் எகுய் து மிதி கேபிள் காரில் ஏறி, வாலே பிளான்ஷ் பனியாற்றில் 20 கிலோமீட்டர் இறங்கிவிட்டு ஊர் திரும்புவார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில், எகுய் ரூஜ் மலைவரிசையிலும் அதற்கு வடக்கிலும், கூட்டம் குறைந்த வழிகள் உண்டு. கீழே சொல்லும் மூன்றில் பனியாற்றுப் பிளவுக்குப் பயந்து கயிறு கட்ட வேண்டியதில்லை. பயம் முழுக்க பனிச்சரிவுதான்.

முதலில் குரோஷூ–பெரார். ஃபிளெஜேர் ஸ்கீ மையத்திலிருந்து இண்டெக்ஸ் லிஃப்ட் 2385 மீட்டரில் இறக்கிவிடும். குரோஷூ கணவாய் 2701 மீட்டர். ஏற்றம் முந்நூற்றுச் சொச்சம்தானே என்று அலட்சியமாகக் கிளம்புகிறவர்கள் கணவாய்க்கு முன்னுள்ள கடைசிப் பாறையிடுக்கில் மாட்டிக்கொள்வார்கள். அது குறுகலானது, செங்குத்தானது; அங்கே ஸ்கின் (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) பிடிக்காது. ஸ்கீயைப் பைக்கு மாற்றி, காலால் படி வெட்டித்தான் ஏற வேண்டும். தெற்கு வெயில் படும் இடம் என்பதால் இரவில் உறைந்து கண்ணாடியாகும். கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் முள்சட்டம்), ஐஸ் கோடாரி இரண்டும் பையில் இருக்கட்டும். நல்ல நாளில் மேலே ஏறுகிறவர் உதைத்த பனி உங்கள் தலையில் விழும், ஆகவே ஒருவருக்கொருவர் நன்றாக இடைவெளி விடுங்கள்.

தவறு அதிகம் நடப்பது கணவாய்க்கு அப்பால்தான். இறக்கம் ஆசை காட்டும். நேரே கீழே போனால் தியோசா பள்ளத்தாக்கு. அங்கே ஊரும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை. உயரத்தை விடாமல் வலப்பக்கமாகக் குறுக்கே சென்று, மறுபடி சிறிது ஏறி, 2460 மீட்டரிலுள்ள பெரார் கணவாயைப் பிடிக்க வேண்டும். மூடுபனியில் இதைச் செய்ய முயலாதீர்கள். அதன்பின் லெ ப்யூவே ரயில் நிறுத்தம் வரை 1100 மீட்டர் இறக்கம். மேல்பகுதி நிழலில் இருப்பதால் புதுப்பனி நாள்கணக்கில் மாவாகவே கிடக்கும். கடைசிப் பகுதி காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மாலையில் ஸ்கீ தடங்கள் உறைந்து தண்டவாளம் மாதிரி ஆகிவிடும், பிரேக் போட இடமிருக்காது.

இரண்டாவது, அதே பெரார் பள்ளத்தாக்கில் கீழிருந்து ஏறும் மோன் ப்யூவே. 1330 மீட்டரில் ரயில் நிறுத்தம், 3096 மீட்டரில் உச்சி. லிஃப்ட் உதவி துளியும் கிடையாது. மணிக்கு 350 மீட்டர் ஏறுகிறவருக்கே ஐந்து மணி நேரம். பியேர் ஆ பெரார் குடிலைத் தாண்டி சலாந்தோன் கணவாய் நோக்கிப் போய், அதை எட்டுமுன் வலப்பக்கம் திரும்பி அகன்ற சரிவில் ஏற வேண்டும். இது ஏப்ரல் மாத வழி. வெயில் நேராக விழுவதால் நண்பகலுக்குள் பனி கஞ்சியாகிவிடும். இருட்டிலேயே கிளம்பினால்தான் மேற்பரப்பு ஓரங்குலம் இளகிய நேரத்தில் இறங்க முடியும். இங்கே தொல்லை தருவது ஸ்கின். வெயிலில் நனைந்த ஸ்கின் நிழலில் காய்ந்த பனியைத் தொட்டால், பாதத்தடியில் இட்லிக் கனத்துக்குப் பனி ஒட்டும். கிளம்புமுன்பே மெழுகைத் தேய்த்துவிடுங்கள்; ஒட்டியபின் தேய்த்தால் அரைப் பயன்தான்.

ஏற்றத்தை மட்டும் பார்த்தால் ப்யூவேதான் கடினம். எங்கள் கணக்கு வேறு. ப்யூவேயில் எந்த இடத்திலும் வந்த தடத்திலேயே திரும்பலாம். குரோஷூ கணவாயைத் தாண்டி இறங்கிவிட்டால் திரும்புவது கடினம். பெராரைக் கடந்தே ஆகவேண்டும். மூன்று மடங்கு குறைவாக ஏறுகிறவர்தான் இங்கே அதிக ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

மூன்றாவதான போசெட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. லெ தூர் ஊரிலிருந்து பிஸ்ட் (சீர்செய்த ஸ்கீ பாதை) ஓரமாகப் போசெட் கணவாய்க்கு ஏறி, மலைமுதுகு வழியே எகுயெத் உச்சி, 2201 மீட்டர். மொத்த ஏற்றம் 750 மீட்டர். மலைமுதுகில் காற்று பனியைத் துடைத்துவிடும், கல் தலைநீட்டும். புது ஸ்கீயைக் கொண்டுபோகாதீர்கள். மென்சரிவாகப் பார்த்து வழி போட இடமிருப்பதால், பிரான்ஸின் வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸின் பனிச்சரிவு அறிக்கை ஆபத்து 5-க்கு 3 என்று சொல்லும் நாளில் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இங்கே வரலாம். அந்த அறிக்கை மாலையில் மறுநாளுக்காக வரும். 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுக்கு அடியில்கூட அன்று நிற்க வேண்டாம்.

எங்கே போனாலும் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), மண்வெட்டி, 240 சென்டிமீட்டருக்குக் குறையாத புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் கம்பி) ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், குழுவுக்கு ஒன்று போதாது. நாயை விடுதியிலேயே விடுங்கள். எகுய் ரூஜ் 1974 முதல் இயற்கைக் காப்பகம், நாய்க்கு அனுமதியில்லை.

லெ ப்யூவேயில் முடியும் இரண்டு வழிக்கும் காரை ஷாமொனியிலேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்புவது நல்லது. பனிச்சரிவு பயத்தால் மோந்தே கணவாய்ச் சாலையை மூடினால் கார் மறுபக்கம் சிக்கிக்கொள்ளும். ரயில் மலைக்கடியில் சுரங்கத்தில் போகிறது.