டயர் ஆழம் பார்க்க இரண்டு கருவிகள்: எதை வைத்துக்கொண்டேன், எதைத் தள்ளிவைத்தேன்

டயர் மொட்டையாகிவிட்டதா என்று கண்ணாலேயே சொல்லிவிடலாமே, அதற்கு எதற்குக் கருவி என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டையான பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பாதி தேய்ந்த டயரைக் காட்டி, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் துடைத்துத் துடைத்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். "சுமாரா இருக்கு" என்ற பதிலைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். அதனால் டயர் பள்ளத்தின் ஆழம் பார்க்கும் கருவிகள் இரண்டை வாங்கி, என் பைக்கின் முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் நன்றாகப் புழங்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒன்று பேனா வடிவம். உலோகக் குழாய், அடியில் சின்னத் தட்டு, நடுவே வழுக்கி இறங்கும் மெல்லிய கம்பி. கம்பியைப் பள்ளத்தில் இறக்கி, தட்டை ரப்பர்மேல் படியவைத்தால், எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு அளவுகோலில் தெரியும். சட்டைப்பையில் குத்திக்கொள்ளக் கிளிப்பும் உண்டு. இன்னொன்று டிஜிட்டல். சின்னத் திரை, பட்டன் பேட்டரி, 0.01 மில்லிமீட்டர் வரை எண் காட்டும். இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. இதே அச்சில் வார்த்த பொருள் பல பெயர்களில் விற்பனைக்கு வருகிறது என்பதால் பெயரை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

டிஜிட்டலை முதலில் முடித்துவிடுகிறேன், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, சின்னதாக இருப்பது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு. ரப்பர் அமுங்கும் பொருள். விரலை லேசாக அழுத்தினால் ஓர் எண், கொஞ்சம் ஊன்றினால் வேறோர் எண். கடைசி இலக்கம் வெறும் அலங்காரம்தான். அதைவிடப் பெரிய குறை அதன் அகலமான பாதம். கார் டயரின் மேற்பரப்பு ஏறக்குறையத் தட்டை, அதில் அகலப் பாதம் அழகாக உட்காரும். பைக் டயர் வளைந்தது, சாய்ந்து திரும்புவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அந்த வளைவின் ஓரத்தில் இந்தப் பாதத்தை வைத்தால் ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் தூக்கும். நான்கு முறை வைத்தால் நான்கு பதில் வரும். போதாக்குறைக்கு, அணைத்துவைத்தாலும் பேட்டரி தானாகக் கரைகிறது. அவசரத்துக்கு எடுத்தால் திரை வெறுமையாக இருக்கும்.

பேனா வடிவக் கருவியில் இந்தத் தொல்லை குறைவு. தட்டு குறுகலானது, வளைவின்மேல் ஓரளவு நேராக நிற்கிறது. மில்லிமீட்டருக்கு ஒரு கோடுதான் போட்டிருக்கிறார்கள், அரை மில்லிமீட்டரைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். டயருக்கு அது தாராளமாகப் போதும். மறுபக்கத்தில் அங்குலத்தை 32 பங்காக்கிய கோடுகள் உண்டு. ஒரு பங்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை சுழிப்பிழை பார்ப்பது. கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி அழுத்தினால் சரியாகச் சுழியில் நிற்க வேண்டும். என்னுடையது அரைக் கோடு தள்ளி நின்றது. ஒவ்வோர் அளவிலும் அதைக் கழித்துக்கொள்கிறேன், இதற்காகத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அளவைப் படிக்கும்போது கண் கோட்டுக்கு நேரே இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எட்டிப் பார்த்தால் இடமாறு தோற்றப்பிழை வரும். ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் சொல்லிச் சலித்த அதே வாக்கியம்தான், இங்கேயும் பொருந்துகிறது.

இந்த வகையில் சில கருவிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பட்டை பூசியிருப்பார்கள். பைக்காரர்கள் அதை நம்ப வேண்டாம். அந்தப் பட்டைகள் கார் டயரை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. பைக்கின் முன் டயர் புதிதாக இருக்கும்போதே பல சமயம் 4, 5 மி.மீ. ஆழம்தான் இருக்கும். பிரிக்காத புது டயர் மஞ்சளில் நின்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

சரி, அளந்து என்ன கிடைக்கிறது? டயரிலேயேதான் தேய்மானக் குறி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பக்கச்சுவரில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ தெரியும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். சுற்றியுள்ள ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. காரில் அந்த மேடு 1.6 மி.மீ., பைக் டயர்களில் பொதுவாக 0.8 மி.மீ. மேலே சொன்ன ஒரு பங்கு அதுதான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 50 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு டயர் அகலத்தின் முக்கால் பங்கில் 1 மி.மீ. இருக்க வேண்டும், ஜெர்மனியில் 1.6 மி.மீ. ஒரே ரப்பருக்கு எல்லை தாண்டினால் வேறு விதி. தண்ணீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. பள்ளம் ஆழம் குறையக் குறைய, ஈரச் சாலையில் டயருக்கு அடியிலிருந்து நீரை வெளியே தள்ளும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மேட்டைத் தொட்ட அன்று திடீரென்று நடப்பதில்லை அது. அதனால் நான் 2 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன். இது என் கணக்கு. மழை பெய்யாத ஊரில் ஓட்டுபவர் 1.5 வரை போகலாம், சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு எனக்குத் திரும்பி வந்தது அந்த ஒற்றை எண்ணால் இல்லை. ஒரே டயரின் வெவ்வேறு இடங்களை ஒப்பிட முடிகிறது பாருங்கள், அதனால்தான். பின் டயரின் நடுவில் ஓர் அளவு, இடது தோளில் (பக்கச்சுவரை ஒட்டிய வளைந்த ஓரம்) ஒன்று, வலது தோளில் ஒன்று. பிறகு சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி மீண்டும் அதே மூன்று. மேடு இருக்கும் இடத்தில் கம்பி போய் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டிக்கு நடுப்பகுதி மட்டும் வேகமாகக் கரையும். என்னுடையது புதிதில் நடுவில் 7, தோளில் 6. இப்போது நடுவில் 3, தோளில் 5.5. வட்டமாக இருந்த டயர் நடுவே சப்பையாகிவிட்டது. திருப்பத்தில் அது உடனே தெரியும். வண்டி முதலில் சாய மறுக்கும், கொஞ்சம் ஊன்றித் தள்ளினால் அந்தச் சப்பை விளிம்பைத் தாண்டிப் பொசுக்கென்று விழும். ஸ்டீரிங் கோளாறு, பேரிங் போச்சு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பேரிங்கைப் பிரிக்கும் முன் நடுவையும் தோளையும் அளந்து பாருங்கள்.

மேலே 7, 6 என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனித்தீர்களா? புதிதிலேயே இரண்டும் ஒன்றில்லை. பல பைக் டயர்களில் தோள்பகுதிப் பள்ளம் நடுப்பகுதியைவிட ஆழம் குறைவாகவே வார்க்கப்படுகிறது. ஆகவே டயர் மாட்டிய அன்றே அளந்து எழுதிவைக்காதவருக்கு, பின்னால் எடுக்கும் அளவுகள் பாதிக் கதைதான் சொல்லும். நான் ஓடோமீட்டர் எண்ணையும் பக்கத்திலேயே குறிக்கிறேன். இரண்டு மூன்று வரி சேர்ந்ததும், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு கரைகிறது என்பதும், 2 மி.மீ. எப்போது வரும் என்பதும் கணக்கிலேயே கிடைக்கிறது.

காற்றழுத்தத்தையும் இதே அளவுகள் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் மிகுந்தால் நடுப்பகுதிமேல் மட்டும் சுமை விழுந்து அங்கே கரையும். குறைந்தால் தோள்களும் சேர்ந்து தேயும், டயர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. காற்றை வண்டி கிளப்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் காலையில் குறைவாக இருக்கும்.

முன் டயரில் அளக்கும் முறை கொஞ்சம் வேறு. அங்கே நடுவைவிட, ஒரே பள்ளத்தின் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் விசை பெரும்பாலும் முன்சக்கரத்தில் இறங்குவதால், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர் கட்டைகளின் ஒரு முனை அதிகம் தேய்ந்து மறு முனை தூக்கி நிற்கும். கையால் ஒரு திசையில் தடவினால் வழவழவென்றும், எதிர்த்திசையில் தடவினால் அரம் போலவும் இருக்கும். கொஞ்சம் இருந்தால் இயல்பு. சுற்றளவில் குழி குழியாக விழுந்திருந்தால் காற்று குறைவா, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பேனாக் கருவி இங்கேதான் ஓரளவு திணறுகிறது. மிகக் குறுகிய கீற்றுப் பள்ளங்களுக்குள் அதன் கம்பி நுழையவே மாட்டேன் என்கிறது. அகலப் பள்ளமாகப் பார்த்து அளந்துகொள்கிறேன்.

கருவி எதைச் சொல்லாது என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இது விளம்பரமாகிவிடும். நிறைய நாள் நின்ற வண்டியின் டயரில் ஆழம் முழுசாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். கம்பிக்கு அது தெரியாது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. 5 ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கொருமுறை தெரிந்தவர் கண்ணில் காட்டுங்கள், 10 ஆண்டானால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பதே டயர் நிறுவனங்கள் பலவும் சொல்வது. பக்கச்சுவரில் வெடிப்பு, புடைப்பு, நூலிழை தெரிவது இவற்றுக்கெல்லாம் அளவே தேவையில்லை. டயரை மாற்றுவது ஒன்றே வழி. பக்கச்சுவரில் பஞ்சர் என்றாலும் அதே பதில்தான். அங்கே ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை தனிக் கட்டுரை அளவுக்கு உண்டு, இரண்டை மட்டும் சொல்கிறேன். பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று கழற்றி மாட்டும் இடத்திலேயே பாருங்கள். புது டயரை முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். மேற்பரப்பின் வழவழப்பு தேய்ந்து சொரசொரப்பு வரும்வரை பிடிமானம் முழுதாக இருக்காது. மற்றபடி புது டயரை உடனே அளந்து குறிக்கச் சொன்னதை மறக்க வேண்டாம்.

பேனாக் கருவியை வைத்துக்கொண்டேன், பத்துக்கு எட்டு கொடுக்கலாம். குறைத்த இரண்டில் ஒன்று அந்தச் சுழிப்பிழைக்கு. மற்றது கம்பிக்கு: அது துருப்பிடிக்காத எஃகு இல்லை, ஈர டயரில் இறக்கிவிட்டு அப்படியே வைத்தால் நுனி பழுப்பேறிவிடுகிறது. துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடைத்து உள்ளே தள்ளினால் தொல்லையில்லை. டிஜிட்டலுக்கு நான்கு, அதுவும் கார் வைத்திருப்பவர் கையில். வாங்குவதாக இருந்தால் அடித்தட்டின் அகலம் உங்கள் சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் போகாததாகப் பாருங்கள், மில்லிமீட்டர் கோடுகள் அச்சடித்தவையாக இல்லாமல் பொறித்தவையாக இருக்கட்டும். அச்சடித்தவை கை வியர்வையிலேயே அழிந்துவிடும்.