நின்றுபோன காரும் கைவிட்டுப் போன 18,499 ரூபாயும்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை. இன்று காலை "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று அந்த வண்டி பழுதுபார்க்கும் செயலிக்காரர்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எது தீர்ந்தது? என் வங்கிக் கணக்கில் இருந்த பணம்தான் தீர்ந்தது.

செயலியின் பெயரை எழுதவில்லை. வக்கீலாக இருக்கும் மைத்துனர் வேண்டாம் என்கிறார். நடுவழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கை அனுப்புகிறோம் என்று சொல்லி, கைப்பேசியில் தேடினால் முதல் ஆளாக விளம்பரத்தில் வந்து நிற்கும் ரகம். அவ்வளவு போதும்.

சனிக்கிழமை இரவு சென்னையிலிருந்து கும்பகோணம் போய்க்கொண்டிருந்தோம். ஞாயிறு காலை ஏழரைக்குத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாறுகிறவனுக்கு எப்போதும் ஓர் அவசரம் இருக்கிறது. அந்த அவசரத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சாலையோரத் தேநீர்க் கடையில் நிறுத்தினேன். மணி பதினொன்றரை. தேநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. 'டிக் டிக்' சத்தம்கூட இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. பாதி இறக்கிவிட்டிருந்த கண்ணாடி ஏறவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சிவப்பு முக்கோணத்தை எடுத்து வைக்கலாம் என்றால் அது டிக்கியில் இருக்கிறது. டிக்கி மின்சாரப் பொத்தானில் திறப்பது. வாங்கும்போது பெருமையாக இருந்த வசதி.

கடைக்காரர் ஒரு வேப்பங்கொம்பை ஒடித்து வந்து வண்டிக்குப் பின்னால் சாலையில் போட்டார். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியும் பார்த்தார். எடுக்கவில்லை. இந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டியில் எரிபொருள் பம்ப்புக்கே மின்சாரம் வேண்டும். துளியும் மின்சாரம் இல்லாத வண்டியைத் தள்ளினால் தள்ளுகிறவருக்கு வியர்வைதான் மிச்சம். "ஊருக்குள் ஓர் எலக்ட்ரீசியன் இருக்கிறார் சார், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிக் கூட்டி வருகிறேன், பொறுத்திருங்கள்" என்றார் அந்த மனிதர். நான் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன்.

முன்பதிவுக்கு 999 ரூபாய். நாற்பது நிமிடத்தில் வருவதாகச் சொன்னவன் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து பைக்கில் வந்தான். சட்டையில் செயலியின் முத்திரை, கழுத்தில் அடையாள அட்டை. வந்தவுடன் பானெட்டைத் திறக்கவில்லை. "அண்ணா, முதலில் அண்ணியையும் பாப்பாவையும் கடைக்குள் உட்கார வையுங்கள், இங்கே கொசு பிடுங்கும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். என் மனைவி அவனுக்கு பிஸ்கட் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தான். சிவப்புக் கம்பியை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் என்னையே பிடிக்கச் சொன்னான். கறுப்புக் கம்பியை அவன் வைத்தான். "எண்ணை நீங்களே படியுங்கள் அண்ணா, நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்." 0.3 என்று காட்டியது. பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரியில் 0.3! அதைப் படம் பிடித்து மைத்துனருக்கு அனுப்பினேன். அவரும் "பேட்டரி போய்விட்டது போல" என்று பதில் போட்டார். அறிவியல்பூர்வமாகச் சோதித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

பேட்டரி 6,900 ரூபாய். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் எரிந்துவிட்டது, அதுதான் பேட்டரியைத் தின்றிருக்கிறது, மாற்றாவிட்டால் புது பேட்டரியும் கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் போய்விடும் என்றான். புதுப்பித்த ஆல்டர்னேட்டர் 8,500. கூலியும் இரவுக் கட்டணமும் 2,100. முன்பதிவோடு சேர்த்து 18,499 ரூபாய். பணத்தை முதலிலேயே யுபிஐ வழியாக வாங்கிக்கொண்டான், அதுவும் செயலியின் கணக்குக்கு இல்லை, அவன் காட்டிய வேறு ஒரு கியூஆர் அட்டைக்கு. "இரவில் கம்பெனி சர்வர் வேலை செய்யாது அண்ணா" என்றான். இதை இப்போது எழுதும்போது என் முகத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பைக்கில் போனவன் ஒரு மணி நேரத்தில் பளபளவென்று ஒன்றோடு திரும்பி வந்தான். மாட்டினான். சாவியைத் திருப்பினேன், வண்டி சட்டென்று எடுத்தது. காதுகுத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அந்தப் பையனைப் புகழ்ந்துகொண்டே போனேன். மனைவி மட்டும், "ஏங்க, பெயின்ட் வாசனை அடிக்கிறதே" என்றாள். புதுச் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டு வாசலில், அதே கதை. விளக்கு இல்லை, சத்தம் இல்லை.

தெருமுனையில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கதையைக் கேட்டார், கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கறுப்புக் கம்பி எங்கே இருக்கிறது, பாருங்கள் தம்பி" என்று படத்தை விரல்களால் பெரிதாக்கிக் காட்டினார். அது பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இல்லை. எஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டின் மேல் இருக்கிறது.

அவருடைய மீட்டரை எடுத்து என் எதிரிலேயே செய்து காட்டினார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தால் 12.5. கறுப்பை மட்டும் நகர்த்தி எஞ்சினில் வைத்தால் 0.3. அதே எண்! பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட் துருவேறித் தளர்ந்திருந்தது, கையால் ஆட்டினால் ஆடியது. பேட்டரியில் சத்து இருக்கிறது, வண்டிக்குப் போக வழி இல்லை, அவ்வளவுதான் நோய். அன்றிரவு அந்த போல்ட்டைக் கொஞ்சம் திருகி விட்டிருப்பான், அது மூன்று நாள் தாங்கியிருக்கிறது.

ஆல்டர்னேட்டர் கெட்டால் எப்படி இருக்கும் என்றும் சொன்னார். ஓடும்போதே டாஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரியும், முகப்பு விளக்கு மெல்ல மெல்ல மங்கும், பிறகுதான் வண்டி படுக்கும். ஒரு நொடியில் மொத்தமும் இருண்டால் முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரி முனைகள், எர்த் ஒயர், பெரிய ஃபியூஸ். இந்த வரிசையில்.

பிறகு டார்ச்சை அடித்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உற்றுப் பார்த்தார். வெள்ளிப் பெயின்ட் எட்டாத ஒரு மூலையில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. போன வருடம் பேரிங் மாற்றியபோது அவரே வைத்த புள்ளி. என் ஆல்டர்னேட்டரையே கழுவி, பெயின்ட் அடித்து, எனக்கே 8,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்! 'புது' பேட்டரியின் ஸ்டிக்கரை நகத்தால் கீறினார். அடியில் வேறொரு ஸ்டிக்கர். தயாரிப்புத் தேதி இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது.

எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினார். 150 ரூபாய். அதையும் வற்புறுத்தித்தான் வாங்க வைத்தேன். 150 ரூபாய் வேலைக்கு 18,499 கொடுத்தவன் நான்.

அடுத்து அலைச்சல். செயலியின் அரட்டைப் பெட்டியில் ஓர் இயந்திரம், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நான்கு முறை வருந்தியது. மறுநாள் ஒரு பெண் பேசினார். நாங்கள் இணைப்பு மட்டும்தான் தருகிறோம் சார், மெக்கானிக் எங்கள் ஊழியர் இல்லை என்றார். சட்டையில் உங்கள் முத்திரை இருந்ததே? "அது விளம்பரத்துக்காக சார்." ரசீது அனுப்புங்கள் என்றார். ரசீதே தரவில்லை என்பதுதானே புகார்! எங்கள் கணக்குக்கு வந்தது 999 மட்டும்தான், அதைத் திருப்பித் தருவது பற்றி மேலிடத்தில் பேசுகிறோம் என்றார். மேலிடம் இன்று காலை 'தீர்த்து' வைத்துவிட்டது. அந்த மெக்கானிக்கின் எண்ணை அழைத்தால் முதல் நாள் மணி அடித்தது, இரண்டாம் நாள் "ராங் நம்பர்" என்று அவன் குரலிலேயே பதில் வந்தது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறார் மைத்துனர்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, நினைவுக்கு வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுங்கம் கட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதலில் 1033-ஐ அழையுங்கள், ரோந்து வண்டி வரும். அந்த எண் எழுதிய பலகையைத் தாண்டித்தான் நானும் வந்தேன். பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் எர்த் ஒயரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மீட்டர் வைத்தால் இரண்டு கம்பியும் பேட்டரி முனைகளில்தான் இருக்க வேண்டும். சிவப்பு முக்கோணத்தை டிக்கியில் வைக்காதீர்கள், இருக்கைக்கு அடியில் வையுங்கள். எந்தச் சாமானும் வண்டியை விட்டு உங்கள் கண் மறைவில் போகக் கூடாது. வேறு கியூஆர் அட்டையைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. என் பழைய பேட்டரிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, நல்ல பேட்டரி. அதையும் அவன்தான் பைக்கில் கட்டிக்கொண்டு போனான். மாற்றுக்கு எவ்வளவு குறைப்பாய் என்றுகூட நான் கேட்கவில்லை. தூக்கி வைக்க ஒரு கை பிடித்தேன்.