'வெண்டி அண்ட் லூசி'யா, 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்'டா?
வீடில்லாதவங்கள பத்தி ஒரு இண்டி (பெரிய ஸ்டுடியோ இல்லாம எடுக்குற) படம்தான் பாக்க டைம் இருக்குன்னா எது?

நீளம்: வெண்டி (2008) 80 நிமிஷம்தான். ஃப்ளோரிடா (2017) கிட்டத்தட்ட 2 மணி நேரம்.

வீடு: வெண்டிக்கு பழைய கார்தான் எல்லாம், அதுவும் அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல படுத்துடுது, நாய்த்தீனி திருடி மாட்டி வெளிய வந்தா நாயவே காணோம், அந்த செக்யூரிட்டி தாத்தா நைசா கையில திணிக்கிற சொற்ப டாலர் இருக்கே, எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. ஃப்ளோரிடால டிஸ்னி வேர்ல்ட் பக்கத்துலயே ஊதா கலர் மோட்டல், வாடகைக்கு அல்லாடுற அம்மா.

மூட்: வெண்டில மியூசிக்கே ரொம்ப கம்மி. ஃப்ளோரிடால வாண்டுங்க சேட்டைக்கு சிரிச்சிட்டே இருப்பீங்க, கடைசில அழுவீங்க.

ராத்திரி தனியா பாக்க வெண்டி. கூட்டமா பாக்க ஃப்ளோரிடா, ஆனா பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வெச்சிடாதீங்க.