மாட்டுக்குக் கட்டிய வீடும் ரொட்டிக்குக் கட்டிய வீடும்

ஜூலையில் ஒரு வாரம் பிரான்ஸின் டோர்டோன் பக்கம் ஒரு பழைய பண்ணையில் தங்கிவிட்டு வந்தோம். சார்லா ஊரிலிருந்து காரில் இருபது நிமிடம், கடைசி மூன்று கிலோமீட்டர் ஒரு கார் மட்டுமே போகக்கூடிய வால்நட் தோப்புப் பாதை. பாரிஸ் புறநகரிலிருந்து எட்டுப் பேர், இரண்டு கார், 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். பண்ணையில் வாடகைக்கு விடும் கட்டடம் இரண்டு. பெரியது பழைய மாட்டுத் தொழுவம், மேலே வைக்கோல் பரண். அதில் நான், என் கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார். சின்னது ரொட்டி சுடும் அடுப்பு வீடு. அதில் கொழுந்தனார், ஓர்ப்படி, அவர்கள் பையன். இரண்டும் சேர்த்து வாரத்துக்கு 2,070 யூரோ. பண்ணையின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், ஆனால் உரிமையாளர் கெட்டவர் இல்லை.

இந்த மாதிரி இடத்துக்குப் பிரான்ஸில் ஜீத் என்று பெயர், தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து வீட்டையோ கொட்டகையையோ சீர்செய்து வார வாடகைக்கு விடுவார்கள். சமையல், துடைப்பு எல்லாம் நம் பொறுப்பு, ஹோட்டல் மாதிரி யாரும் காலையில் வந்து கட்டில் விரிக்க மாட்டார்கள். முதல் ஜீத் 1951-இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் திறந்தது, எமில் ஒபேர் என்ற செனட்டரின் யோசனை. ஆட்கள் பட்டணத்துக்குப் போய்க் கிராமத்தில் வீடுகள் இடிந்துகொண்டிருந்தன, பட்டணத்தில் ஹோட்டலுக்குக் காசில்லாத குடும்பங்கள் விடுமுறைக்குப் போக இடமில்லாமல் இருந்தன, இரண்டையும் முடிச்சுப் போட்டார் மனிதர். 1955-இல் ஜீத் த பிரான்ஸ் என்ற கூட்டமைப்பு வந்தது, அவர்கள் நட்சத்திரத்துக்குப் பதிலாகக் கோதுமைக் கதிர் போட்டுத் தரம் சொல்வார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. நாங்கள் போன பண்ணை அதில் சேராதது, ஒரு முன்பதிவுத் தளத்தில் படம் பார்த்துப் பிடித்தது. அதாவது கதிர் எண்ணிச் சொல்ல யாரும் இல்லை, நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

தொழுவத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சுவர் 70 சென்டிமீட்டர் கனம், அந்தப் பக்கத்துக்கே உரிய தேன் நிறச் சுண்ணாம்புக்கல். வைக்கோல் வண்டி நுழைவதற்காக விட்ட பெரிய வளைவு வாசலில் இப்போது முழுக்கக் கண்ணாடி. அப்புறம் சன்னல் என்று பார்த்தால் நான்கே நான்குதான், மற்றதெல்லாம் காற்றுக்காக விட்ட கைப்பிடி அகலப் பிளவுகள். பழைய ஓக் உத்தரங்களை மாற்றவில்லை, ஒன்றில் மாட்டுக் கயிறு அறுத்த தடம் பள்ளமாக இருக்கிறது, என் பையன் தினமும் அதில் விரலை விட்டுப் பார்த்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் வரிசையாக ஆறு ஓட்டை. மாடுகள் தலையை நீட்டித் தீவனம் தின்ற ஓட்டைகள். அதை அப்படியே விட்டிருக்கிறார் உரிமையாளர். ஓட்டை வழியாகத் தட்டு நீட்டினால் அந்தப் பக்கம் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். என் மாமியார் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாட்டுக் கொட்டாயில படுக்கவா இவ்வளவு காசு கொடுத்தீங்க?" என்றார். மூன்றாம் நாள் அதே தடுப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ஓட்டை வழியாக எங்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே 37 டிகிரி அடித்த நாளில் கீழ்த்தளத்தில் 24-தான். ஏசி கிடையாது. காலை பத்து மணிக்கு முன்னால் மரக் கதவுகளைச் சாத்திவிட வேண்டும், இரவு எட்டுக்குமேல் திறக்க வேண்டும், இந்த ஒழுங்கை உரிமையாளரின் மனைவி வந்த அன்றே வகுப்பெடுத்தார். கேட்டு நடந்தோம். கீழ்த்தளத்தில் பலித்தது.

வலித்தது பரணில்தான். வைக்கோல் பரணில் இரண்டு படுக்கையறை போட்டிருக்கிறார்கள், படத்தில் பார்க்க அவ்வளவு அழகு, சாய்ந்த கூரை, வெள்ளைப் படுக்கை, ஒரு கூடையில் லாவெண்டர். இரவு பதினோரு மணிக்கு அங்கே 31 டிகிரி. வைக்கோலைக் காயவைக்கிற இடத்தில் ஆளைப் படுக்கவைத்தால் ஆளும் காயத்தானே செய்வார். கூரைக்குள் மரநார்ப் பலகை வைத்திருக்கிறாராம், அது கண்ணாடி நாரைவிட வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும், இல்லையென்றால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் மெதுவாக வந்த வெயில் சரியாக நாம் படுக்கப் போகிற நேரத்துக்கு வந்து சேர்கிறது. திறக்கிற கூரைச் சன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் தட்டு அளவு. ஏன் இப்படி என்று கேட்டேன். பக்கத்துத் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதிலிருந்து 500 மீட்டருக்குள், அதோடு சேர்ந்து கண்ணில் படுகிற எந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் கை வைத்தாலும் அரசுப் பாரம்பரியக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும், தெருப் பக்கக் கூரையில் சன்னலே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மரக் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரைக்கும் கடிதம். தொழுவத்தை மனிதர் வசிக்கிற வீடு என்று மாற்றுவதற்கே தனி அனுமதி வேண்டும், மாடு கட்டின இடத்தில் மனிதர் படுப்பது அங்கே காகிதக் கணக்குக்கு வேறு விஷயம். சட்டம் சரிதான், ஊர் அழகாக இருப்பதே அதனால்தான். ஆனால் சன்னல் கிடைக்காது என்று தெரிந்த பிறகு அங்கே படுக்கையறை போட்டது அவர் முடிவு. இரண்டாம் இரவிலிருந்து மெத்தைகளைக் கீழே இறக்கி எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம், அதுதான் பிள்ளைகளுக்கு அந்த வாரத்திலேயே பிடித்த விஷயம்.

இப்போது அடுப்பு வீடு. வெளியிலிருந்து பார்த்தால் பண்ணையிலேயே இதுதான் ராஜா. கூரைக்கு ஓடு இல்லை, லோஸ் என்கிற கல் பலகை. ஆணியே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி, தன் எடையிலேயே நிற்கவைக்கிறார்கள், ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் அளவுக்குக் கனம், அதைத் தாங்க உள்ளே ஓக் சட்டங்கள் காடு மாதிரி. இந்த வேலை தெரிந்த கொத்தர்கள் இன்று குறைவு, செலவும் பயங்கரம், அதனால்தான் பெரிய கொட்டகைக்கெல்லாம் ஓட்டுக் கூரையைப் போட்டுவிட்டு அடுப்பு வீடு, புறாக்கூண்டுக் கோபுரம் மாதிரிச் சின்னக் கட்டடங்களில் மட்டும் கல்லை வைத்திருக்கிறார்கள். உள்ளே ரொட்டி அடுப்பின் வாய் இன்னும் கறுப்பாகத் திறந்திருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஈர நாற்றம். ஜூலை வெயிலில்! ஓர்ப்படி ஒன்றும் சொல்லாமல் சன்னலைத் திறந்துவைத்தாள். மறுநாள் காலை பையனுக்கு மூக்கடைப்பு, மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பின்னால் பெட்டியை நகர்த்தினால் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள், பெட்டியின் துணி நனைந்திருக்கிறது. அதற்குமேல் அவள் ஏன் சும்மா இருக்க வேண்டும்? எங்களுக்கு நல்ல வீடு, அவர்களுக்கு நனைந்த வீடு என்று ஆகிவிட்டது. வாடகைப் பணத்தைத் தலைக்குத் தலை பிரித்திருந்தோம் வேறு. அன்றைக்கு ராத்திரியே மூட்டையைக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்கு வந்துவிட்டார்கள், கூடத்தில் எட்டுப் படுக்கை.

உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். வடக்கே எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தப்பு என்று நேராக ஒப்புக்கொண்டார், அந்த இடத்தில் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. பண்ணையை வாங்கியதும் அவர் முதலில் கை வைத்தது இந்தச் சின்னக் கட்டடத்தில்தான். அப்போது விவரம் தெரியாது, உள்ளேயும் வெளியேயும் சிமென்ட் பூசிவிட்டார். இந்தப் பழைய கல் சுவர்கள் இரண்டு தோல் கொண்டவை, வெளிக்கல் ஒரு வரிசை, உள்கல் ஒரு வரிசை, நடுவில் மண்ணும் ஜல்லியும். அடியில் ஈரத்தைத் தடுக்கிற எதுவும் கிடையாது, தரை ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும், ஏறினது சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், இப்படித்தான் இருநூறு வருடம் நிற்கிறது. சிமென்ட் பூசினால் போகிற வழி அடைபட்டுவிடுகிறது, ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறுகிறது, நடுமண்ணை இளக்குகிறது, கல்லின் முகத்தைப் பொடியாக்குகிறது. புதுச்சேரியில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவரிலும் இதே கதைதான், சுண்ணாம்பு உதிர்கிறது என்று சிமென்ட் அடித்தார்கள், அதன் பிறகுதான் சுவர் உப்புப் பூத்தது.

தொழுவத்துக்கு வரும்போது அவர் பாடம் படித்துவிட்டார், அங்கே எல்லாம் சுண்ணாம்பு, அதுவும் அதே டோர்டோனில் சேன் தஸ்தியே ஊரில் தயாராகிறது. அப்போ இதைப் பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதானே என்று கணவர் கேட்டார். சிமென்டைக் கொத்தினால் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயரும், கொத்திய பிறகு சுவர் காய மாதக்கணக்கில் சும்மா விட வேண்டும், பனிக்காலத்தில் சுண்ணாம்பு பூசக்கூடாது, ஆகக் கோடையில்தான் செய்ய வேண்டும், கோடையில்தான் வாடகை வரும். அவர் கஷ்டம் புரிகிறது. ஆனால் விவரம் தெரிந்துகொண்டே சின்னக் குழந்தை வருகிற குடும்பத்துக்கு அதை முழு வாடகைக்கு விட்டதை நான் மன்னிக்கவில்லை. பாதிப் பணம் கேட்டோம், 200 யூரோவும் ஒரு புட்டி வால்நட் எண்ணெயும் தந்தார். எண்ணெய் ரொம்ப நன்றாக இருந்தது, தக்காளிப் பச்சடியில் ஊற்றிப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள். அடுப்பு இண்டக்ஷன், நான் பாரிஸ் லா ஷாப்பல் கடைகளில் பருப்பு, கறிவேப்பிலை முதற்கொண்டு வாங்கிக்கொண்டு போய், கூடவே அலுமினியக் குக்கரையும் தூக்கிப் போனேன், அது அங்கே சுமைதாங்கிக் கல்லுக்குச் சமம். இரும்புத் தோசைக்கல் பிழைத்தது, ஒரு வாரம் தோசைதான். கழிவறை செப்டிக் தொட்டிக்குப் போகிறது, பிளீச் ஊற்றாதீர்கள் என்று மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது, கிருமி செத்தால் தொட்டி வேலை செய்யாதாம். மாமியாரிடமிருந்து பிளீச் புட்டியைக் காப்பாற்றுவதே எனக்கு ஒரு வேலை. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராது, ஆளுக்கு 12 யூரோ, முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி வேலியும் தாழ்ப்பாளும் ஒழுங்காக இருந்தன, பிரான்ஸில் 2003 சட்டத்துக்குப் பிறகு வாடகை வீட்டுக் குளத்துக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம். போனில் சிக்னல் வேண்டுமானால் புறாக்கூண்டுக் கோபுரத்தின் கீழே போய் நிற்க வேண்டும். ஈ நிறைய. பக்கத்துப் பண்ணையில் நிஜ மாடுகள் இருக்கின்றன, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

சார்லா சந்தை புதன், சனி காலை. அங்கே வாத்து இல்லாத சாப்பாடு தேடுவது பெரிய பாடு, சைவமான மாமியாருக்கு வால்நட்டும் சீஸும் பீச்சும்தான் கை கொடுத்தன. ஊருக்கு நடுவில் சேன்ட் மரி என்ற பழைய தேவாலயம் இப்போது மூடிய சந்தை. சிறுவயதில் இதே ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நுவெல் அதற்கு வானளாவ இரண்டு உலோகக் கதவு மாட்டியிருக்கிறார். பழையதைப் பழையது மாதிரி நடிக்கவைக்காமல், புதியதைப் புதியதாகவே பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்கும் போனோம், அதாவது 2016 கடைசியில் திறந்த நகல் குகைக்கு. அசலை 1963-லேயே மூடிவிட்டார்கள், பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களைக் கெடுத்ததால். அடுப்பு வீட்டிலிருந்து வந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

மதிப்பெண் கேட்டால், தொழுவத்தின் கீழ்த்தளத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பரணுக்கு இரண்டு, அடுப்பு வீட்டுக்கு வெளியே நின்று பார்க்க ஐந்து, உள்ளே படுக்க ஒன்று. நீங்கள் எந்த ஜீத் எடுத்தாலும் படத்தைப் பார்த்து மயங்காமல் உரிமையாளருக்கு மூன்று கேள்வி எழுதுங்கள்: படுக்கையறை எந்தத் தளம், சுவருக்குச் சுண்ணாம்பா சிமென்டா, கூரையில் திறக்கிற சன்னல் எத்தனை. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கிளம்புகிற அன்று உரிமையாளர் எங்களைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்ப் புகையிலைக் கொட்டகையைக் காட்டினார். கறுத்த பலகைச் சுவர், காற்றுக்காகத் திறந்து மூடுகிற நெடும்பலகைகள், உள்ளே இலை தொங்கவிட்ட கம்பிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் புகையிலைதான், சார்லாவில் இருந்த பதப்படுத்தும் ஆலையும் 2019-இல் மூடிவிட்டது, கொட்டகைகள் மட்டும் மிச்சம். அடுத்து இதைத்தான் வீடாக்கப் போகிறாராம். மேலே சின்னச் சின்ன மண்கூடுகள், தகைவிலான் குருவி போய் வந்துகொண்டிருந்தது, அந்தக் கூடுகளைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்பதால் ஒரு பக்கம் திறந்தேதான் இருக்கும் என்றார். மாடி போடுவீர்களா என்று கேட்டேன். போட்டால் நான்கு பேர் கூடப் படுக்கலாமே என்றார். என் மாமியாருக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும், இத்தனை நாள் அவரிடம் பேசாமல் இருந்தவர், அங்கே நின்று ஐந்து நிமிடம் பேசினார், கையை மேலே காட்டி, கீழே காட்டி. அடுத்த செப்டம்பருக்குத் தொழுவத்தை மட்டும் சொல்லிவைத்திருக்கிறோம். குக்கர் புதிது வாங்கியாயிற்று.