டிஎஸ்18பி20 சென்சார் மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்குபேட்டர், குளிர்பதன அறை, பால் குளிரூட்டி, மீன் தொட்டி என்று எதற்காவது வெப்பநிலை பார்க்கும் கருவி செய்து கொடுக்கிறவர்கள், அதிலும் என்னைப் போல இரண்டு மூன்று பேரை வைத்துச் சின்னப் பட்டறையில் செய்கிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். ஒரிஜினல் என்று நம்பி நான் மொத்தமாக வாங்கியது போலிச் சென்சார். எனக்குப் போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பல்லடம் பக்கத்தில் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணைக்காரர் என் கருவியை நம்பி 600 முட்டை வைத்தார். அதில் முக்கால்வாசி வீணாகிவிட்டது.

கருவி பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஒரு இஎஸ்பி32-சி3 போர்டு, வெப்பநிலையை அளக்கிற டிஎஸ்18பி20 சென்சார் நான்கு, ஹீட்டரை ஏற்றி இறக்க ஒரு ரிலே சுவிட்ச். நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எம்க்யூடிடி (கருவிகள் நெட்டில் தகவல் அனுப்புகிற ஒரு முறை) வழியாக சர்வருக்குப் போகும், பண்ணைக்காரர் போனில் பார்த்துக்கொள்ளலாம், வெப்பம் ஏறினாலோ இறங்கினாலோ அலாரம் அடிக்கும். டிஎஸ்18பி20-ஐ நான் எடுத்ததற்குக் காரணம் இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்: ஒரே டேட்டா ஒயரில் பத்து சென்சார் கூடத் தொங்கவிடலாம், ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே ஒரு 64 பிட் எண் இருக்கிறது, வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும், -10 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை அரை டிகிரிக்கு மேல் தப்பாது என்று டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தருகிற விவரத்தாள்) சொல்கிறது. கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி. அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் சமாளித்துவிடும். அதற்கு மேல் நாள் கணக்கில் போனால் உள்ளே இருக்கும் உயிர் தாங்காது.

சென்சார் வாங்கியது இணையத்தில் விற்கிற ஒரு உதிரிபாகக் கடையில். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஸ்டீல் குழாய்க்குள் சில்லை வைத்து, ஒரு மீட்டர் ஒயரோடு வருகிற ப்ரோப். "ஒரிஜினல் சிப்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 85 ரூபாய் என்று போட்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அந்த விலைக்கு வருவது என்னவென்று எனக்குத் தெரியும். இவர்கள் சொன்னது 190. சரி, முதலில் ஐந்து மட்டும் வாங்கிப் பார்ப்போம் என்று வாங்கினேன். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன், ஐந்தும் சுத்தமாக இருந்தன. அப்புறம்தான் 120 கேட்டேன், ஒன்று 165 ரூபாய் என்று 19,800 ரூபாய் கட்டினேன். வந்த பெட்டியில் இரண்டை மட்டும் எடுத்து ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 0.2 டிகிரிதான் வித்தியாசம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருத்த ஆரம்பித்துவிட்டேன்.

பண்ணைக்காரருக்குப் போட்டுக் கொடுத்த பத்தொன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. "தம்பி, இன்னைக்கே ஓடு கொத்துதுங்க தம்பி, இன்னும் ரெண்டு நாள் இருக்குதே, என்னன்னு கொஞ்சம் வந்து பாருங்க." கணக்குப்படி 21 நாள் ஆக வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போனில் நான்கு சென்சாரும் 37.4, 37.5, 37.5, 37.6 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருந்தன. அவர் வீட்டில் பேரனுக்குக் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி, சென்சார் நுனியோடு சேர்த்துப் பிடித்து, அது கீ கீ என்று கத்துகிற வரைக்கும் கதவைச் சாத்திக் காத்திருந்தேன். 101.8 ஃபாரன்ஹீட். செல்சியஸில் 38.8. அதாவது பத்தொன்பது நாளும் அந்த முட்டைகள் ஒன்றேகால் டிகிரிக்கு மேல் அதிகச் சூட்டில் இருந்திருக்கின்றன. சென்சார் குறைத்துச் சொன்னதால், நான் எழுதிய ப்ரோகிராம் அதை நம்பி ஹீட்டரை இன்னும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

வெளியே வந்த குஞ்சுகளைப் பார்க்க முடியவில்லை. தொப்புள் மூடவில்லை, மஞ்சள் கரு முழுதாக உள்ளே போகவில்லை, காலை ஊன்றப் பார்த்துப் பக்கவாட்டில் விழுந்தன. நிறைய முட்டை ஓட்டை உடைக்கவே இல்லை. 600-இல் கடைசியில் பிழைத்தது 150 சொச்சம். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "மிஷின் பண்றதுதானுங்க தம்பி" என்றார். முட்டைக்கான பணத்தைக் கொடுத்தபோதும் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

நான்கு சென்சார் இருந்தும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நான்கும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கும் என்றுதான் நான்கு வைத்தேன், ஆனால் ஒரே லாட் என்பதால் நான்கும் ஒரே பக்கம் ஒரே அளவு தப்பின. செத்துப்போன சென்சாரை ப்ரோகிராம் கண்டுபிடித்துவிடும். ஒயர் அறுந்தால் சென்சாரைப் படிக்கிற லைப்ரரி (ரெடிமேட் ப்ரோகிராம்) -127 கொடுக்கும், மின்சாரம் தடுமாறிச் சில்லு ரீசெட் ஆனால் 85 என்று வரும், இரண்டுக்கும் நான் அலாரம் எழுதி வைத்திருந்தேன். நம்பும்படியான ஒரு எண்ணை அமைதியாகத் தப்பாகச் சொல்கிற சென்சாருக்கு என்னிடம் எதுவும் இல்லை.

அன்று இரவே மிச்சம் இருந்த சாம்பிள் இரண்டையும் பெட்டியில் வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த 64 பிட் எண்ணைப் படித்தேன். இரண்டிரண்டு எழுத்தாக எட்டு ஜோடியாக வரும். முதல் ஜோடி எப்போதும் 28, கடைசி ஜோடி சரிபார்ப்பு எண், நடுவில் இருக்கும் ஆறும் வரிசை எண். ஒரிஜினல் சில்லில் கடைசி ஜோடிக்கு முந்தைய இரண்டும் 00, 00 என்று இருக்கும். சாம்பிள் இரண்டிலும் அப்படியே இருந்தது. பெட்டியில் வந்ததில் நான் படித்த ஒன்றில்கூட இல்லை. அடுத்தது வேகம்: மிக நுணுக்கமான 12 பிட் அளவில் ஒருமுறை வெப்பத்தை அளந்து முடிக்க டேட்டாஷீட் அதிகபட்சம் 750 மில்லி விநாடி தருகிறது, சாம்பிள் இரண்டும் அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டன, பெட்டியில் வந்தவை 100 மில்லி விநாடி ஆவதற்குள் வேலையை முடித்துவிட்டன. இது வேறு சில்லு. சாம்பிளுக்கு நல்லதை அனுப்பிவிட்டு, மொத்தமாகக் கேட்டதும் போலியைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சில்லை முதலில் செய்தது டாலஸ் செமிகண்டக்டர், 2001-இல் அதை மேக்சிம் வாங்கியது, 2021-இல் மேக்சிமை அனலாக் டிவைசஸ் வாங்கியது. அவர்கள் விற்பது சில்லுதான், இந்த ஸ்டீல் குழாயும் ஒயரும் வேறு யாரோ சேர்ப்பது. குழாய்க்குள் எபாக்சி பசையில் புதைந்து கிடப்பதால் சில்லின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வெட்டாமல் பார்க்க வழியே கிடையாது. அதனால் "ஒரிஜினல் ப்ரோப்" என்று யார் சொன்னாலும் அது விற்கிறவர் வாய்வார்த்தை, அவ்வளவுதான். இதற்கு இணையான சில்லைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கிற கம்பெனிகள் சீனாவில் உண்டு, அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துதான் அதை வாங்குகிறோம்.

கடைக்குப் போன் செய்தால் முதலில் எடுத்தவர், "சார், ரீடிங் வருதில்ல, அப்புறம் என்ன ப்ராப்ளம்?" என்றார். எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இரண்டு நாள் கழித்து வந்தது: ஒயர் வெட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். தொடாத 70 சென்சார் பெட்டியிலேயே இருக்கிறது, அதையாவது எடுங்கள் என்றேன். பில்லைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். பில்லில் "டெம்பரேச்சர் ப்ரோப், 1 மீட்டர்" என்று மட்டும்தான் இருக்கிறது, டிஎஸ்18பி20 என்ற பெயரே இல்லை. பணம் கட்டும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள். பில்லில் சில்லின் பெயரும், தயாரிப்பாளர் பெயரும் போட மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்காக வாங்கியது என்று கடைக்காரர் தட்டிக் கழிக்கப் பார்க்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று, இப்போது போய்ப் பார்த்தால் "ஒரிஜினல்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது சில்லை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கி, குழாயில் வைத்து அடைப்பதை நாங்களே செய்கிறோம். செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, கருவி விலையை ஏற்றித்தான் விற்கிறேன். ஒவ்வொரு சென்சாரின் எண்ணையும் படித்துப் பார்க்காமல் சால்டர் செய்வதில்லை. ஐஸ் தண்ணீர் சோதனையோடு நிறுத்துவதும் இல்லை, ஏனென்றால் என்னை ஏமாற்றிய சென்சார்கள் பூஜ்யத்தில் சரியாக இருந்து 38-இல்தான் தப்பின. ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பத்து சென்சாராகக் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, நுனி எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும்படி விட்டு, கலக்கிக்கொண்டே பார்க்கிறோம். நீங்கள் எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பநிலையில் பாருங்கள்.

இந்த வருடம் இப்படி ப்ரோப் வாங்கி ஏற்கெனவே யாருக்காவது பொருத்திக் கொடுத்திருந்தால், கருவி நெட்டில் இருப்பதால் எண்ணைப் படிக்க நேரில் போகக்கூட வேண்டாம், சென்சார் முகவரியை சர்வருக்கு அனுப்பும்படி ஒரு வரி சேர்த்து நெட் வழியாகவே ப்ரோகிராமை மாற்றுகிற ஓடிஏ அப்டேட் போட்டாலே வந்துவிடும். கடைசி ஜோடிக்கு முன்னால் 00, 00 இல்லை என்றால் இன்றைக்கே அவருக்குப் போன் செய்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைக்கச் சொல்லுங்கள்.